சரியாகிவிட்டது என்று சொன்னவள்

துணி துவைக்கும் மெஷின்களின் முனகலைக் கேட்பதுதான் என் வேலை. மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறேன். "மெஷின் சத்தம் போடுதுங்க" என்று யாராவது அழைத்தால், "போனைக் கொஞ்சம் மெஷின் கிட்ட கொண்டு போங்க" என்பேன். கடகடவென்று கேட்டால் துணியெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்திருக்கிறது. கிணுகிணுவென்றால் சட்டைப் பையிலிருந்த சில்லறை உள்ளே விழுந்திருக்கிறது. காது கிழிய இரைந்தால் பேரிங் போய்விட்டது, ஆள் அனுப்பத்தான் வேண்டும். பக்கத்து சீட்டுக்காரி என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள். "என்ன டாக்டரம்மா, நாடி பார்த்தாச்சா?" என்பாள். அவளுக்கு என்மேல் கொஞ்சம் பொறாமை. எனக்கும் அது பிடிக்கும்.

எங்கள் பிரிவில் ஒரு முறை உண்டு. வருகிற புகாரெல்லாம் எங்கள் திரையில் சிவப்பாக நிற்கும். வாடிக்கையாளர் தன் வாயால் "சரியாயிடுச்சு" என்று சொன்னால்தான் அதைப் பச்சையாக்க முடியும். நாங்களாக ஆக்கக் கூடாது. ஆகவே எங்கள் சாமர்த்தியமெல்லாம் அந்த ஒரு சொல்லை எதிராளியின் வாயிலிருந்து வரவழைப்பதில்தான் இருக்கிறது. "இப்போ பரவாயில்லைங்களா? ஓடுதுங்களா? அப்போ சரியாயிடுச்சுன்னு போட்டுக்கலாமா?" என்று தேன் தடவிய குரலில் கேட்க வேண்டும். பாதிப் பேர் அலுப்பில் சொல்லிவிடுவார்கள். பாதிப் பேர் கூச்சத்தில். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற பெண்ணிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்கிற கூச்சம். மறுநாள் அதே மெஷின் அதே மாதிரி அலறும், அதே ஆள் மறுபடியும் அழைப்பார். இவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் 'திரும்பி வந்தவங்க'. எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது. "நேத்து நீங்களேதானே சார் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்பேன். அந்தக் கேள்வியில் ஆள் சுருண்டு போவார்.

புகாரை மூடுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் பிரிவில் ஆளில்லை.

என் மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு வீட்டுப் பெயர் வாயாடி. அவள் அப்பா வைத்தது. காரணப் பெயர்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் இறங்குவதற்குள், அவர் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு முட்டி வலி, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும். தூக்கத்திலும் பேசுவாள். "இவளுக்கு வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்று அவள் அப்பா சொல்வார். சொல்லிவிட்டு அவரே அவளைத் தூண்டிவிட்டுச் சிரிப்பார்.

அவர் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று போனார். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு, "வேலை அதிகம்டா கண்ணு, அப்புறம் பேசறேன்" என்று பாதியில் வைக்கிற போன். ஒரு நாள் அவர் வைத்துவிட்ட பிறகும் இவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பள்ளியில் நடந்த எதையோ முழுசாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தாள். அதன் பிறகு அவர் அங்கேயே வேறு ஒரு குடித்தனம் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் சொன்னால் எனக்குக் கோபம் வரும், கதை அங்கேயே நின்றுவிடும்.

வாயாடியின் பேச்சு ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் பள்ளியில் குறைந்தது. அப்புறம் கடையில், பஸ்ஸில். வீட்டில் கொஞ்ச நாள் "சரி", "வேணாம்", "பசிக்குது" என்று ஓடியது. கடைசியில் அதுவும் போய், தலையாட்டலும் கைஜாடையும்தான் மிச்சம். எனக்கு முதலில் புரியவில்லை. நாள் முழுக்க ஊரார் மெஷின்களின் சத்தத்தைக் கேட்டு வருகிறவளுக்கு வீட்டில் சத்தமில்லாதது சுகமாகக்கூட இருந்தது.

ஆனால் அவள் பேச மறந்துவிடவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே பேசுவாள். யாரோடு என்று தெரியாது. தண்ணீர் சத்தத்துக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு ஓடும், நடுவில் நிற்கும், பதில் கேட்டுக்கொள்வது போல, மறுபடியும் ஓடும். நான் கையில் துண்டை வைத்துக்கொண்டு, கொடுக்க வந்தவள் போலக் கதவோரம் நிற்பேன். போன் வழியாக, ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற மெஷினுக்குள் விழுந்த ஒற்றைக் காசைக் கண்டுபிடிக்கிறவள் நான். ஒரு மரக்கதவுக்கு அந்தப் பக்கம் என் மகள் சொல்வதில் ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. தரை கொஞ்சம் அசைந்தாலும் உள்ளே பேச்சு நின்றுவிடும். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு சொல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அக்கா போன் செய்வாள்.

"எப்படிடி இருக்கீங்க?"

"எங்களுக்கென்ன, ஜம்முனு இருக்கோம்."

"வாயாடி எங்க? குடு, பேசறேன்."

"குளிக்கிறாக்கா."

குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்டவள் எனக்கு எதிரில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருப்பாள். சீவுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாள், மறுபடியும் குனிந்துகொள்வாள்.

"என்னடி இது, எப்போ போன் பண்ணாலும் குளிக்கிறா? தோல் உரிஞ்சிடப் போகுது" என்று அக்கா சிரிப்பாள். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால் அக்கா அழுவாள். அவளைத் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழும். அழுது முடித்ததும், "நான் அப்பவே சொன்னேன், அந்த ஆளை நம்பாதேன்னு" என்று ஆரம்பிப்பாள். அதற்கு வாயாடி குளித்துக்கொண்டே இருக்கட்டும்.

ஒரு நாள் வகுப்பாசிரியை என்னை நிறுத்திவைத்தார். குழந்தைகள் எல்லாம் போன பிறகு, குட்டி பெஞ்சில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார்.

"யாரையாவது பார்த்தீங்களா?"

"யாரைப் பார்க்கணும் டீச்சர்?"

"அதான், இந்த மாதிரி குழந்தைங்ககிட்ட பேசறதுக்குன்னே இருக்கிறவங்க. ஆலோசனை சொல்றவங்க."

"அவங்க எங்க இருப்பாங்க?"

அவர் கரும்பலகையைப் பார்த்தார். அதில் அன்றைய கணக்கு மட்டும் இருந்தது. "தேடிப் பாருங்கம்மா. வாயே திறக்காத பொண்ணை அடுத்த வகுப்புக்கு எப்படி அனுப்பறதுன்னு எனக்குத் தெரியல. நல்ல பொண்ணு, அதான் சொல்றேன்."

தேடினேன். தெருமுனை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டையில ஒண்ணும் இல்லையே" என்றார். ஏதோ நான் அங்கே எதையாவது ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னதுபோல. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வரிசையில் நின்று முன்னால் போனால், இது காதுக்கான வரிசை என்றார்கள். அடுத்த கட்டடத்தில் நின்றால், அந்த டாக்டர் வேறு நாள் வருவாராம். வேறு நாள் போனால், பள்ளியிலிருந்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். வாயாடி என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லா வரிசையிலும் நின்றாள். கால் மாற்றி மாற்றி நின்றாளே தவிர, கேள்வி கேட்கவில்லை. பழைய வாயாடியாக இருந்தால் அந்த வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் என்ன வியாதி என்று வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லியிருப்பாள்.

கீழ் வீட்டுக்காரி, "நாலு போட்டா தானா பேசுவா" என்றாள். அந்த நாலையும் அவளுக்கே போடலாம் என்று கை துறுதுறுத்தது. "சரிங்க, பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யாரிடம் கேட்பது என்பதுதான் அந்த நாட்களில் பெரிய கஷ்டமாக இருந்தது. கேட்பதற்கு முதலில் சொல்ல வேண்டும். என் போனில் பெயர்களுக்குக் குறைவில்லை. பிளம்பர், கேஸ்காரர், அக்கா, ஆபீஸ். ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே போவேன். கடைசிவரை போய்விட்டு மறுபடியும் மேலே வருவேன். யாரும் இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் எங்கள் இரண்டு பேரைப் பற்றித் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

கடைசியில் சொன்னவர் நூலகத்தில் இருக்கும் அம்மாள். சனிக்கிழமைகளில் எங்களுக்கு அதுதான் போக்கிடம். வாயாடிக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே யாருமே பேசக் கூடாது. அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான். படங்கள் நிறைந்த புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரே பக்கத்தை வெகுநேரம் படிப்பேன். தலைக்கு மேலே மட்டும் யாரோ நாற்காலிகளைத் தரதரவென்று இழுப்பார்கள். "மாடியில இருக்கிறவங்களுக்கு நாற்காலியைத் தூக்கி வைக்கத் தெரியாதா?" என்று நான் பல தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

அன்றைக்குப் புத்தகத்தில் முத்திரை குத்தும்போது நூலகத்து அம்மாள் வாயாடியிடம், "பேர் என்ன பாப்பா?" என்று கேட்டார். வாயாடி என் முதுகுக்குப் பின்னால் போனாள். "கூச்ச சுபாவம்" என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு நூலகத்துக்கே உரிய அந்தக் கிசுகிசுப்பில், "மாடியில ஒரு இடம் இருக்கும்மா. குழந்தை குட்டி இருக்கிற குடும்பத்துக்காகவே. பிள்ளைங்ககிட்டயும் பேசுவாங்க, பெத்தவங்ககிட்டயும் பேசுவாங்க. காசெல்லாம் கேக்க மாட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

நாற்காலி இழுப்பவர்கள்! ஊரெல்லாம் தேடிய இடம் எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

மாடிப்படி இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. ஏறியிருக்கலாம். அங்கே சுவரில் மாட்டியிருந்த பலகையில் ஒரு போன் நம்பர் இருந்தது. நான் அதைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து போன் செய்தேன். தொழில் புத்தி, வேறென்ன சொல்ல. நேரில் போனால் முகத்தைக் காட்ட வேண்டும். போனில் குரலை மட்டும் காட்டினால் போதும். குரல் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது.

எடுத்தது வயதான பெண் குரல். "சொல்லும்மா" என்றது.

"பொண்ணுங்க. எட்டு வயசு. கொஞ்ச நாளா பேச்சு வரல. எப்போதிலேருந்துன்னு சரியா சொல்ல முடியல. தொண்டை எல்லாம் பார்த்தாச்சு" என்று புகார் எழுதிக் கொடுக்கிற மாதிரி சொன்னேன்.

"நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

"நானா? நான் நல்லாத்தான் இருக்கேன்."

பிறகு அந்தக் குரல் விளக்கியது. ஆலோசகர் ஒருவர்தான் இருக்கிறாராம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டால் பாதியில் விடமாட்டாராம். அதனால் வரிசை இருக்கிறது. இடம் விழும்போது கூப்பிடுவார்கள். "கூப்பிடும்போது எடுத்துடுங்கம்மா. உங்களுக்கு இன்னும் தேவைப்படுதான்னு கேட்டுட்டுத்தான் நேரம் கொடுப்போம்."

அன்றிலிருந்து போனைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். சமையலறைக்கும் எடுத்துப் போனேன், மொட்டை மாடிக்கும் எடுத்துப் போனேன். ஆபீஸில் சொந்தப் போனை வெளியே வைக்கக் கூடாது. தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாயாடியிடம், "நூலக மாடியில உன்கூடப் பேச ஒரு அக்காவோ அண்ணனோ இருப்பாங்க. நீ பேசணும்னு இல்ல. சும்மா பார்த்துட்டு வரலாம்" என்று சொல்லி வைத்தேன். அவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பெரிய விஷயம். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்குக்கூட அவள் அப்படித் தலையாட்டியதில்லை.

அழைப்பு வந்தது ஒரு திங்கட்கிழமைக் காலையில். திங்கட்கிழமை என்றால் எங்கள் பிரிவு தீப்பிடித்த மாதிரி இருக்கும். ஞாயிறு முழுக்க ஊரே துணி துவைத்துவிட்டு ஒட்டுமொத்தமாக அழைக்கும். என் திரை முழுக்கச் சிவப்பு. சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். தொடைக்கடியில் போன் துடித்தது. "அவசரம் சார்" என்று ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்திவிட்டுப் போனை அந்தக் காதில் வைத்தேன். இன்னொரு காதில் யாரோ ஒருவருடைய மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"குடும்ப மையத்திலேருந்து பேசறேம்மா. பொண்ணு இப்போ எப்படி இருக்கா? பரவாயில்லையா?"

அதே வயதான குரல்தான். ஆனால் அது என் கேள்வி. அந்த நிதானம், அந்த 'இப்போ', கடைசியில் குரல் மேலே ஏறுகிற விதம், எல்லாம் நான் நாள் பூராவும் கேட்கிற மாதிரியே இருந்தது. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டுக்காரி தன் காதை என் பக்கம் திருப்பியிருந்தாள். என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது.

"பரவாயில்லைங்க. இப்போ சரியாயிடுச்சு."

"அப்படியா! ரொம்ப சந்தோஷம்மா. அப்போ இந்த இடத்தை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடலாமா?"

"தாராளமா" என்றேன். "கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றிங்க."

தாராளமாவாம். என்ன ஒரு வள்ளல்!

போனைத் தொடைக்கடியில் வைத்துவிட்டு, ஹெட்போனில் காத்திருந்த ஆளிடம் திரும்பினேன். அவர் மெஷினில் துணியைப் பிரித்துப் போடச் சொன்னேன். "இப்போ ஓடுதுங்களா?" என்று கேட்டேன். "சரியாயிடுச்சும்மா" என்றார் அவர். பச்சையை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. அப்போதுதான் நான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது. பெண்கள் கழிப்பறைக்கு ஓடிப் போய் அந்த நம்பரை அழைத்தேன். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் அழைத்தேன். கடைசியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. வெளியே வந்தால் பக்கத்து சீட்டுக்காரி, "என்ன டாக்டரம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல எல்லாம் நல்லா இருக்காங்கல்ல?" என்றாள். நிஜமான அக்கறையோடுதான் கேட்டாள்.

"ம், எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

அந்த வாரம் முழுக்க அழைத்தேன். ஒரு தடவை கிடைத்தது. எடுத்தவர் யாரோ இளைஞர். "அம்மா இனி சனிக்கிழமைதான் வருவாங்க, நேர்ல வந்துடுங்க" என்றார். நேரில் என்ற சொல்லைக் கேட்டதுமே போனை வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை மாடிப்படி ஏறினோம். வாயாடி முன்னால் போனாள், புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு. மேலே ஒரு நீளமான அறை. மூலையில் ஒரு மேஜை. ஒரு பெட்டி நிறையச் சக்கரம் போன கார்களும் கை போன பொம்மைகளும். தண்ணீர்ப் பானை. நடுவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இன்னொரு கதவு, சாத்தியிருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் குரலைவிடச் சின்ன உருவம். நான் வாயைத் திறந்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். அவருக்கும் காது நல்ல காதுதான்.

"நீங்களா? பொண்ணுக்குச் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களேம்மா. அன்னைக்கு நாங்க எல்லாரும் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா?"

நேத்து நீங்களேதானே சொன்னீங்க என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். சந்தோஷப்பட்டவரிடம் என்ன சண்டை போடுவது?

"இல்லைங்க. சரியாகல. நான் தப்பா சொல்லிட்டேன்."

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "அந்த இடத்துக்கு வேற குடும்பம் வந்துட்டாங்கம்மா. இப்போ உள்ளதான் இருக்காங்க. அவங்களை நடுவுல எழுப்பி அனுப்ப முடியாது. உங்களை மறுபடியும் வரிசையில சேர்த்துக்கறேன். ஆனா கடைசியிலதான் போட முடியும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மாசக் கணக்காகும்மா. பொய் சொல்ல விரும்பல."

"நான் மேலதிகாரிகிட்ட பேசணும்" என்றேன். என் காதாலேயே அதைக் கேட்டேன். திரும்பி வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் சொல்கிற வசனம்.

"மேல நான் மட்டும்தாம்மா இருக்கேன்" என்றார் அவர், பாவமாக. "ஒண்ணு செய்யுங்க. சனிக்கிழமை காலையில பெத்தவங்க இப்படி வட்டமா உக்காருவாங்க. இதுக்கு வரிசை கிடையாது, யாரும் கூப்பிட வேண்டியதில்ல. பிள்ளைங்களும் கூட இருக்கலாம். உங்க முறை வர்ற வரைக்கும் இங்க வந்து உக்காருங்களேன்."

"அதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுங்க" என்றேன். வட்டமாக உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களிடம் மூக்கைச் சிந்துவதற்கு நான் ஆளில்லை. போகலாம் என்று கையை நீட்டினேன். கையில் யாரும் வந்து மாட்டவில்லை.

வாயாடி வட்டத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் தன் பையை வைத்திருந்தாள், பஸ்ஸில் எனக்கு இடம் பிடிப்பது போல. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

நான் உட்கார்ந்தேன்.

வட்டத்தை நடத்துகிற பெண் என்னைவிட இளையவள். "உங்க வீட்ல இந்த வாரம் எப்படி?" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. அங்கே ஒரு விதி இருந்தது: யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது, கேட்க மட்டும் வேண்டும். வழி சொல்லாத சர்வீஸ் சென்டரை அன்றுதான் பார்த்தேன். ஒரு தையல்காரி, தன் பெண் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவதாகச் சொன்னாள். அவளுக்கு அடுத்தவர் லாரி ஓட்டுகிறவர். பெரிய உடம்பை அந்தச் சின்ன நாற்காலியில் எப்படியோ நுழைத்து வைத்திருந்தார்.

"ரோட்லயே கெடக்கறேன் பாருங்க. இந்த வாரம் வீட்டுக்குப் போனா, என் சின்னவன் ஓடிப் போய் அவங்க அம்மாகிட்ட, 'லாரி மாமா வந்திருக்காரு'ங்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தட்டிய கையாலேயே முகத்தை வழித்துக்கொண்டு, தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். தையல்காரி எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.

"நீங்க?" என்றாள் நடத்துகிற பெண், என்னைப் பார்த்து. "உங்க வீட்ல எப்படி?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் பழக்கம். போனில்கூட அது கேட்கும் என்று சூப்பர்வைசர் சொல்வார்.

"நாங்க நல்லா இருக்கோம்ங்க. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

அவள் தலையாட்டிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பப் போனாள்.

என் சட்டைக் கையை யாரோ இழுத்தார்கள். தண்ணீர் வேண்டுமோ, கழிப்பறை போக வேண்டுமோ என்று குனிந்தேன். வாயாடி என் கழுத்தைக் கையால் வளைத்துக் காதருகே வாயைக் கொண்டு வந்தாள். சூடான மூச்சு பட்டது. பிறகு குரல். நெடுநாள் புழங்காததால் கரகரத்துப் போயிருந்தது. எனக்கு ஒரு கணம் அது யார் குரல் என்றே தெரியவில்லை.

"பொய்" என்றாள்.

அவ்வளவுதான். கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டு பழையபடி உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் கேட்டிருக்காது. லாரிக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாற்காலியில் இருந்தவர் பேசத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நான் காத்திருந்த சொல், குழாய்ச் சத்தம் எதுவும் இல்லாமல், கதவுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அது என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவள் இதைத்தான் சொல்லாமல் வைத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்கு அழுகையும் வந்தது, வெட்கமும் வந்தது, இப்படி எல்லோர் முன்னாலும் மாட்டிவிட்டாளே என்று கொஞ்சம் கோபமும் வந்தது. இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்றும் இருந்தது.

"ஒரு நிமிஷம்" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "நான் இப்போ சொன்னது பொய்யாம். என் பொண்ணு சொல்றா."

யாரும் சிரிக்கவில்லை. நடத்துகிற பெண் வாயாடியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அப்போ நிஜத்தைச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றாள்.

வாயைத் திறந்தேன். நாளெல்லாம் பேசிப் பிழைக்கிறவள் நான். ஒரு சொல் வரவில்லை. தெருமுனை டாக்டர் இருந்திருந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார். மறுபடியும் முயன்றேன். உதடு மட்டும் அசைந்தது. அத்தனை பேரும் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எனக்காகப் பதில் சொல்லவில்லை, நாலு போட்டால் பேசுவாள் என்றும் சொல்லவில்லை.

வாயாடி நாற்காலியிலிருந்து இறங்கினாள். பையைக் கீழே வைத்தாள். தன் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, தரதரவென்று என் நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே நூலகத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டிருக்கும்.